குழுவில் சேரச் சொல்வது

பிள்ளை பெற்று ஆறு வாரமான ஒரு பெண் தடுப்பூசி போட ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். குழந்தை தூங்கினாலும் தனக்குத் தூக்கம் வருவதில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்கிறாள். வெளியே நீண்ட வரிசை. "உங்களைப் போன்ற தாய்மார்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது, சேர்ந்துகொள்ளுங்கள்" என்கிறார் மருத்துவர். இது அவளுக்கு ஒரு கதவைத் திறக்கிறதா, மூடுகிறதா?

அனுபவித்தவளின் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. 1969இல் பாஸ்டனில் கூடிய பெண்கள் தங்கள் உடலைப் பற்றித் தாங்களே பேசினார்கள், தேடிப் படித்தார்கள், அடுத்த ஆண்டே அதைச் சிறு நூலாக்கினார்கள். 'அவர் பாடிஸ், அவர்செல்வ்ஸ்' வளர்ந்தது அதிலிருந்துதான். "எனக்கும் பிள்ளையைத் தூக்கவே பிடிக்கவில்லை" என்று இன்னொரு தாய் சொல்லும்போது குறையும் குற்றவுணர்வு, மருத்துவர் பத்து முறை தேற்றினாலும் குறையாமல் இருக்கலாம்.

ஆனால் அந்தப் பெண்கள் தாங்களாகக் கூடினார்கள். இங்கே அனுப்பிவைப்பவர் மருத்துவர். அவர் வாயிலிருந்து வருவதால் அது யோசனையாக நிற்பதில்லை, சிகிச்சையாகிவிடுகிறது. நோயாளியின் ரகசியம் காக்கும் கடமை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சிகிச்சை தருபவருக்கு உண்டு. குழுவில் இருக்கும் சக தாய்க்கு அப்படி எந்தக் கட்டுப்பாடும் இல்லை. குழுவில் சேர்ந்தால் பெரும்பாலும் அவள் எண்ணே எல்லோருக்கும் தெரிந்துவிடும். அவள் கைபேசியைக் கணவரோ மாமியாரோ எடுத்துப் பார்க்கலாம். கைபேசியே இல்லாதவளுக்கு இந்த யோசனையால் என்ன பயன்? 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் 33.3 சதவீதம்தான். ஆண்கள் 57.1 சதவீதம்.

இன்னொரு கேள்வியை நாம் கேட்பதே இல்லை. இரவு இரண்டு மணிக்கு அவள் எழுதும் செய்திக்குப் பதில் சொல்லப்போவது யார்? தானும் அதே இருட்டிலிருந்து சமீபத்தில் வெளிவந்த ஒருத்தி. அவளுக்குப் பயிற்சியும் இல்லை, சம்பளமும் இல்லை. அரசு நியமிக்காத ஆலோசகரின் வேலையைப் பெண்கள் அன்பின் பெயரால் இலவசமாகச் செய்கிறார்கள். வீட்டு வேலையில் நாம் கண்டுகொண்ட சுரண்டல் இங்கே ஆதரவு என்ற பெயரில் வருகிறது.

அதனால் குழுவே வேண்டாம் என்பதல்ல. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வை அறிய 1987இலிருந்து எடின்பரோ கேள்வித்தாள் இருக்கிறது. மொத்தம் பத்தே கேள்விகள். கடைசிக் கேள்வி, தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதைக் கேட்காமல் ஒருத்தியைக் குழுவுக்கு அனுப்புவது கைகழுவுவதே. கேட்ட பிறகு, குழுவில் யார் இருக்கிறார்கள், எது வெளியே தெரியும் என்று சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். டெலி மானஸ் எண் 14416ஐயும் தர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவள் திரும்பி வர ஒரு தேதி தர வேண்டும். அந்தத் தேதியில் அங்கே ஒருவர் அவளுக்காகக் காத்திருக்க வேண்டும்.