விற்கப்பட்ட முத்துக்கள்

துறவறம் பூணுவோரைக் குறித்து, உலகை வெறுத்துச் சென்றார் என்று கூறுவது நம் வழக்கம். துறந்தது தீயது, ஏற்றது தூயது என்று பிரித்துக்கொண்டால் நமக்கும் மனநிறைவு உண்டாகிறது. ஆனால் தீயதை விடுவது கடமை. அதனைத் தியாகம் என்று அழைக்க இயலுமா?

அமெரிக்கத் திரைப்பட நடிகை டொலோரஸ் ஹார்ட்டின் வாழ்வு இவ்வினாவை நம்முன் வைக்கிறது. 1938-இல் சிகாகோவில் பிறந்த இவர், பத்து வயதில் கத்தோலிக்கத் திருமறையைத் தழுவினார். 1957-இல் எல்விஸ் பிரெஸ்லியுடன் ‘லவிங் யூ’ படத்தில் அறிமுகமானார். சில ஆண்டுகளுக்குள் பத்துப் படங்களில் நடித்தார். 1961-இல் வெளிவந்த அசிசி பிரான்சிசின் வாழ்க்கைப் படத்தில் புனித கிளாராவாகத் தோன்றினார். 1963-இல், தம் 24-ஆம் அகவையில், கனெக்டிகட் மாநிலத்துப் பெத்லகேம் என்னும் ஊரிலுள்ள புனித ஆசீர்வாதப்பர் சபைக் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். 1970-இல் நித்திய வார்த்தைப்பாடு அளித்தார்.

கலையை இழிவெனக் கருதி ஓடியவர் அல்லர் இவர். மடத்திலிருந்தபடியே ஆஸ்கர் விருதுகளுக்கு வாக்களிக்கும் உரிமையைத் தொடர்ந்து பயன்படுத்தினார். தம்மைப் பற்றிய ஆவணப்படம் 2012-இல் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டபோது, துறவற உடையிலேயே அவ்விழாவுக்குச் சென்றார்.

அவர் விட்டுச் சென்றவற்றுள் மிக நல்லது வேறொன்று. அவருக்கு மணம் நிச்சயிக்கப்பட்டிருந்தது. மணமகனாக வேண்டியவர் இறுதிவரை மணம் செய்துகொள்ளவில்லை. 2011-இல் இறக்கும்வரை அம்மடத்துக்கு வந்து அவரைக் கண்டு சென்றார்.

இங்கேதான் நம் சிந்தனை கனக்கிறது. அழைத்தலுக்கு இசைந்தவர் அவர். விலையில் ஒரு பங்கைக் கொடுத்தவரோ அழைக்கப்படாத மற்றொருவர். ஒருவர் தம்முடையதைக் கொடுக்கலாம். பிறருடைய நம்பிக்கையையும் சேர்த்துக் கொடுக்கலாமா?

அன்பு கொண்டதனாலேயே ஒருவர் மற்றவருக்கு உடைமை ஆகிவிடுவதில்லை. ஆகவே அவர் சென்றது அநீதி அன்று. ஆயினும், இறைவன் அழைத்தார் என்பதனால் எஞ்சியவரின் வலி பொய்யாகிவிடாது. அந்த வலியை ஏற்று, வெறுப்பின்றி ஆண்டுதோறும் மடத்து வாயிலுக்கு வந்தவரின் அன்பையும் ஒரு காணிக்கை என்றே நாம் கருதுகிறோம்.

நல்முத்துத் தேடிய வணிகரின் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அவர் முத்து வணிகர். ஒரு முத்துக்காக அவர் விற்றவற்றிலும் முத்துக்களே இருந்திருக்கும். அவற்றின் மதிப்பை அறிந்தே விற்றார்.

நம் பங்குகளில் வார்த்தைப்பாட்டு விழா நடைபெறும்போது மாலையும் வாழ்த்தும் துறவியைச் சேர்கின்றன. முதல் வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் தாயிடம், அழக்கூடாது, இது பெரும் பாக்கியம் என்கிறோம். பாக்கியந்தான். இழப்பும் உண்மைதான். அத்தாயை அழவிடுவோம். நம் மன்றாட்டில் மகளின் பெயரோடு அவர் பெயரையும் சேர்ப்போம்.