பிணியும் பொருளும்

பிணியுற்ற ஒருவருக்காக இல்லறத்தான் தன் பொருளை எவ்வளவு செலவிடலாம்? அச்செலவு அறமா, பற்றினால் விளையும் மயக்கமா? பெருஞ் செல்வர் இவ்வினாவை எழுப்புவதில்லை. சம்பள நாளை எண்ணி வாழ்வோரே எழுப்புகின்றனர். திருமுல்கேரியிலும் அதனைச் சூழ்ந்த சிகந்தராபாத் பகுதிகளிலும் வாழும் தமிழ்த் தொழிலாளர் இல்லங்களில் இது அடிக்கடி கேட்கப்படும் வினாவாதலின், ஈண்டு ஆராய்வோம்.

தொழிலாளிக்கு நோய்க் காப்பு வேண்டும் என்னும் எண்ணம், டாக்டர் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறைப் பொறுப்பு வகித்த காலத்தில், 1944 ஆம் ஆண்டு அடார்க்கர் அளித்த அறிக்கையால் உருப்பெற்றது. 1948 இல் சட்டமாயிற்று. 1952 பிப்ரவரி 24 ஆம் நாள் கான்பூரிலும் டில்லியிலும் இ.எஸ்.ஐ. திட்டம் தொடங்கியது. 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு கூலியில் நூற்றுக்கு 0.75 எனவும், முதலாளியின் பங்கு 3.25 எனவும் குறைக்கப்பட்டன. இச்சிறு தொகையைக் கொடுத்தவனுக்கும் அவன் மனைவி மக்களுக்கும் வைத்தியம் கிடைக்கிறது. சனத்நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையின் படிகளில் ஏறிய எவரும் இதன் அருமையை மறுக்கமாட்டார்.

ஆயினும் இதற்கோர் எல்லை உண்டு. 2017 ஜனவரி முதல் மாதச் சம்பள வரம்பு 21,000 ரூபாய் என வகுக்கப்பட்டது. சம்பளம் அதனைத் தாண்டினால், நடப்புச் சந்தாக் காலமும் அதற்குரிய பயன் காலமும் கழிந்தபின் காப்பு நின்றுவிடும். தாண்டியது நூறு ரூபாயே ஆயினும் இதே விதிதான். ஒரு தொழிலாளியின் மகளுக்கு வலிப்பு நோய் என்று கொள்வோம். நரம்பு நிபுணர் ஒருவர் மூன்றாண்டுகளாக மருந்தின் அளவைச் சிறிது சிறிதாகத் திருத்தி நோயைக் கட்டுக்குள் வைத்திருக்கிறார். தந்தைக்குச் சம்பளம் உயர்கிறது, இல்லத்தார் மகிழ்கின்றனர், சில மாதங்களில் வைத்தியம் நிற்கிறது. அரசின் ஆரோக்யஸ்ரீ திட்டமோ பெரும்பாலும் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே உரியது. மாதந்தோறும் நிபுணரைக் காணும் செலவுக்கு அது துணையாவதில்லை. அத்தந்தை யாது செய்வான்?

விநய நூலில் இதற்கொப்பான செய்தி ஒன்று உண்டு. மகத நாட்டில் ஜீவகன் என்னும் பெரும் வைத்தியன் இருந்தான். ராஜகிருகத்து வணிகனொருவன் அவனுக்கு நூறாயிரம் காசும், அரசனுக்கு மற்றொரு நூறாயிரமும் தந்து பிணி நீங்கினான். ஜீவகன் அரசனுக்கும் அரண்மனைக்கும் புத்தரைத் தலைவராகக் கொண்ட சங்கத்துக்கும் வைத்தியனாக இருந்தான். குட்டம், கட்டி, சொறி, க்ஷயம், வலிப்பு என்னும் ஐந்து பிணிகள் மகதத்தில் பரவின. பிணியாளர் அவனிடம் வந்து தம் உடைமை அனைத்தையும் தருவதாகவும் அடிமையாக இருப்பதாகவும் இரந்தனர். தனக்கு வேலை மிகுதி என்று அவன் மறுத்தான். அவர்கள் துவராடை உடுத்துச் சங்கத்தில் சேர்ந்தனர்; வைத்தியம் பெற்றனர்; குணமானதும் ஆடையைக் களைந்து இல்லம் மீண்டனர். ஜீவகன் முறையிட, இவ்வைந்து பிணியுடையாருக்குத் துறவு அளித்தலாகாது என்று பகவர் விதித்தார்.

பிணியாளருக்கு வாயிலை அடைப்பது கருணையா என்று கேட்போர் உண்டு. கேட்க வேண்டிய கேள்வியே. யாவரும் கைவிட்ட நோயாளிப் பிக்குவைத் தம் கையால் நீராட்டிப் படுக்கையில் கிடத்தியவரும் இப்பகவரே. ஆகவே நோயாளியை வெறுத்து இவ்விதி பிறக்கவில்லை. பொய்க் கோலத்தால் பெறும் வைத்தியம் சங்கத்தையும் கெடுக்கும், ஒரே வைத்தியனின் கைகளையும் சோர்வுறச் செய்யும் என்பதே அதன் காரணம். எனினும் வாயிலுக்கு வெளியே நின்றவர்களின் துயரம் அவ்விதியால் தீரவில்லை. அதனைத் தீர்க்கும் கடமை நாடாண்டவனுடையது. பிற்காலத்தில் அசோகன் மனிதர்க்கும் விலங்குகட்கும் வைத்தியம் அமைத்ததாகவும், இல்லாத இடங்களில் மூலிகைகளை நடச் செய்ததாகவும் கல்லில் பொறித்தான். சோழ பாண்டிய நாடுகளும் அக்கல்லில் பேசப்படுகின்றன.

இன்றும் அப்பொய்க் கோலம் உண்டு. சம்பளத்தைத் தாளில் குறைத்துக் காட்டும்படி முதலாளியை வேண்டும் தொழிலாளர் இருக்கின்றனர். அவர்களை இகழ நமக்கு மனம் வரவில்லை. பிள்ளையின் வலிப்பைக் கண்ட தந்தையின் நெஞ்சம் நமக்குத் தெரியும். ஆயினும் அது ஆகாது. பொய்யென்பது ஒன்று, குறைத்துக் காட்டிய சம்பளத்தால் அவனுடைய பிராவிடண்டு பண்டும் பணிக்கொடையும் குறைவது மற்றொன்று. அவன் தன் முதுமையை விற்று இன்றைய மருந்தை வாங்குகிறான்.

நேர்வழி யாது? சிகாலனுக்கு உரைத்த அறவுரையில் இல்லறத்தான் தன் வருவாயை நான்காகப் பகுக்கவும், ஒரு பங்கைத் துன்பக் காலத்துக்கென வைக்கவும் பகவர் கூறினார். அப்பங்கு இதற்கே உரியது. மகளைக் காக்க அதனைச் செலவிடுதல் பற்றாகாது, கடமையாகும். ஆனால் வட்டிக்கு வாங்கி மற்றப் பிள்ளைகளின் உணவையும் பள்ளியையும் இழப்பது கடமையின் எல்லையைக் கடந்ததாகும். ஆகவே முதலில் நிபுணரிடம் கூசாமல் கேட்கவேண்டும்: இடைவெளியை நீட்டிப் பார்க்கலாமா? அதே மருந்தைக் காந்தி மருத்துவமனையிலோ உஸ்மானியாவிலோ தொடர, நோயின் வரலாற்றை எழுதித் தருவீர்களா? நல்ல வைத்தியர் இவற்றுக்குச் சினவார். மருந்தை மட்டும் ஒரு நாளும் தாமாக நிறுத்தலாகாது. வலிப்பு நோயில் அது உயிருக்கே கேடாகும்.

நூலாலையில் உழைத்த நாம் ஒன்று அறிவோம். பஞ்சுத்தூசி நெஞ்சில் புகுவது வேலைக் காலத்தில். இருமல் முற்றுவது வேலை நின்ற பின்னர். நோய் சம்பள வரம்பைப் பார்த்து வருவதில்லை. அங்ஙனமிருக்க, உதவி மட்டும் வரம்பைப் பார்த்து நிற்பது முறையாகாது. வரம்பைத் தாண்டியவனும் தன் பங்கைச் செலுத்தித் தொடர வழி வேண்டுமென்று சங்கங்கள் கேட்கட்டும். அதுவரை, நம் தெருவில் நாற்பது வீடுகள் மாதம் நூறு ரூபாய் சேர்த்தால் நாலாயிரம் ஆகும். ஒரு குழந்தைக்கு நிபுணரின் கட்டணமும் மருந்தும் அதில் அடங்கக்கூடும். வாயிலில் நிற்பவனை உள்ளே அழைக்க நம்மால் இயலாவிடினும், அவனுடன் நிற்க இயலும்.