‘ஆமா’ போட ஒரு குரல்

கல்லிடைக்குறிச்சிக்கு மேற்கே, பாபநாசம் தாண்டி மலையேறினால் காரையாற்றங்கரையில் சொரிமுத்து அய்யனார் கோயில். ஆடி அமாவாசைக்குக் குடில் போட்டுத் தங்கும் கூட்டம் அங்கே பட்டவராயனுக்குச் செருப்பைக் காணிக்கையாகக் கட்டும்.

பட்டவராயன் என்பவன் முத்துப்பட்டன். பிராமணனாகப் பிறந்தவன், பொம்மக்கா, திம்மக்கா என்ற அருந்ததியர் பெண்களை மணப்பதற்காகப் பூணூலைக் கழற்றிவிட்டுச் செருப்புத் தைத்தவன். மாடு கவர வந்தவர்களோடு மோதி இறந்தான். இரண்டு பெண்களும் சிதையில் இறங்கினார்கள்.

நெல்லைச் சீமையில் இப்படி அடிபட்டுச் செத்துச் சாமியானவர்கள் ஏராளம். வயது முடியாமல் போன உயிர் அடங்காது, அதற்கு நிலையம், அதாவது வழிபட ஓர் இடம், போட்டுக் கொடுக்க வேண்டும் என்பது இங்குள்ள நம்பிக்கை. நிலையம் கொடுக்கும் ஊர் நடந்ததை ஒப்புக்கொள்கிறதா, பூசையால் மூடிவைக்கிறதா?

இரண்டும் நடக்கிறது. முத்துப்பட்டன் கதையைப் பதிப்பித்த நா. வானமாமலை ஒரு மாற்றத்தைச் சுட்டிக்காட்டினார். பின்னால் வந்த வடிவம் அந்தப் பெண்களைப் பிராமணர் வீட்டில் பிறந்து காட்டில் கிடைத்த குழந்தைகள் ஆக்கிவிட்டது. கேட்பவர்களுக்குத் தொண்டையில் சிக்கியதைக் கதையே விழுங்கிக்கொண்டது.

ஆனாலும் கோயில் கொடை விழா ராத்திரியில், வில்லுப்பாட்டில், வேறொன்றும் நிகழ்கிறது. வில்லில் வீசுகோல் விழ, புலவர் ஒவ்வொரு அடியாகச் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடுகிறார். விடிய விடியக் கதை போகிறது. சாவு வரும் இடத்தில் அவசரம் இல்லை. அடுத்த வருடம் மறுபடியும் முதலிலிருந்து. இந்த நிதானம் தேவைதான்: பேரதிர்ச்சிக்கு ஆளானவருக்கு நடந்தது வரிசையாக நினைவுக்கு வருவதில்லை. முதலில் ஒரு வாடை, ஒரு சத்தம், கை நடுக்கம். சொல் கடைசியில்தான் வரும். முதலில் பாதுகாப்பு, பிறகு நினைவுகூர்ந்து துக்கித்தல், அதன்பின் மனிதரோடு மறுபடி சேர்தல் என்று அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் எழுதிய படிகளில் முதல் இரண்டுக்காவது கொடைப் பந்தலில் இடமிருக்கிறது.

இலங்கையிலும் இப்படி ஓர் இடம் இருந்தது. போர்க்கால மட்டக்களப்பில் வாய் திறப்பதே ஆபத்தாக இருந்தது. பிள்ளை காணாமல் போன தாய்மார் காளி கோயில்களுக்குப் போய், சாமியாடி வாக்குச் சொல்லும் பெண்களிடம் கேட்டார்கள். மானுடவியலாளர் பாட்ரிசியா லாரன்ஸ் அதை நேரில் கண்டு பதிவு செய்தார். தாய் சொல்ல முடியாததை இன்னொருத்தியின் உடம்பு துடித்துச் சொன்னது. அந்த வாக்கு மெய்யா என்பதைவிட, அழ ஓர் இடம் கிடைத்ததே பெரிது என்று தோன்றுகிறது.

நெல்லையில் அப்படி ஓர் இடம் கிடைக்காத சாவுகளும் உண்டு. கல்லிடைக்குறிச்சியிலிருந்து மணிமுத்தாறு வழியாக ஏறும் சாலை மாஞ்சோலைக்குப் போகிறது. அங்குள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டுப் போராடினார்கள். பலர் சிறைக்குப் போனார்கள். 1999 ஜூலை 23 அன்று அவர்களுக்காகத் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன பேரணியில் போலீஸ் தடியடி. தப்பி ஓடியவர்கள் தாமிரபரணியில் விழுந்தார்கள். ஒரு கைக்குழந்தையும் இரண்டு பெண்களும் உட்பட 17 பேர் இறந்தார்கள்.

இதை நீதிபதி மோகன் ஆணையம் விசாரித்தது. விசாரணை மன்றத்துக்கு நேரம், இடம், சாட்சி வேண்டும். அது தவறில்லை. ஆனால் தண்ணீருக்குள் கைநழுவிப்போன ஒரு கையை எந்த மணிக்கணக்கில் சொல்வது? அங்கே பதிலை எழுதிக்கொள்வார்கள்; ‘ஆமா’ போட ஆளில்லை.

ஜூலை 23 ஆடி மாதத்தில்தான் வருகிறது. மேலே மலையில் பட்டவராயனுக்குக் கூட்டம் கூடும் அதே ஆடி. ஆண்டுதோறும் அன்று கொக்கிரகுளம் அருகே ஆற்றில் மலர் தூவுகிறார்கள். இறந்த 17 பேரை யாரும் சாமியாக்கவில்லை; அவர்களுக்குக் கேட்கப்படுவது நிலையம் அல்ல, நீதி.

2024இல் மாஞ்சோலைத் தோட்டத்தில் வேலை நின்றது. பக்கத்துப் பக்கத்து லயன் வீடுகளில் இருந்து ஒருவருக்கொருவர் ‘ஆமா’ போட்டவர்களில் பலர் மலையை விட்டு இறங்கி, வெவ்வேறு ஊர்களில் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.