நிலைப்பது வன்தட்டா, வரிசையா?

வீட்டு வலையமைப்பில் ஓர் ஓரமாக இருந்துகொண்டு, குடும்பத்தின் புகைப்படங்களையும் ஆவணங்களையும் ஒலிப்பதிவுகளையும் எல்லாக் கணினிகளுக்கும் கைப்பேசிகளுக்கும் பொதுவாகக் காத்து வழங்கும் சிறு கணினி வலைச் சேமிப்பகம் எனப்படும். வழக்கில் அதை ‘நாஸ்’ என்பர். அதை முதன்முறையாக வாங்க முற்படுவோர் பெரும்பாலும் கேட்பது, எந்த நிறுவனத்தின் வன்தட்டு நெடுநாள் உழைக்கும் என்பதே. கடைக்காரர் விடை சொல்லிவிடக்கூடியதாகத் தோன்றும் இக்கேள்வி, நிலைத்திருத்தல் என்பது ஒரு பொருளுக்கு உள்ள குணம் என்னும் கோட்பாட்டை ஆராயாமலே ஏற்றுக்கொண்டு எழுகிறது. பௌத்தரும் சமணரும் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்டது அக்கோட்பாட்டைப் பற்றித்தான். உள்ளதெல்லாம் கணந்தோறும் அழிகிறது, நிலையாகத் தோன்றுவது ஒன்றையொன்று ஒத்த கணங்களின் இடையறாத வரிசையே என்று பௌத்தர் கூறி, அவ்வரிசையைச் சந்தானம் என்றனர். சமணரோ, தோன்றுதல், அழிதல், நிலைத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே உண்மைப் பொருள் என்று உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரத்தில் வரையறுத்து, நிலைக்கும் கூற்றைத் திரவியம் என்றும் மாறும் நிலைகளைப் பரியாயம் என்றும் பிரித்தனர். பௌத்தரின் கணபங்க வாதத்தை மறுத்துத் தமிழில் வாதிட்ட நூல் நீலகேசி.

வன்தட்டை அருகில் வைத்துப் பார்த்தால், இவ்விரு கொள்கைகளில் எது அதற்குப் பொருந்தும் என்பது தெளிவாகிறது. நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் தட்டுகளுக்கு மேலே, சில நானோமீட்டர் உயரத்தில், படிக்கும் முனை மிதந்து செல்கிறது. அதைச் செய்த நிறுவனமே மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உறுதி தருவதில்லை. பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் ஆகிய மூவரும் 1988இல் வெளியிட்ட ஆய்வுரை, தட்டுகள் பழுதாகும் என்பதையே தொடக்க உண்மையாகக் கொண்டு, விலை மலிந்த பல தட்டுகளை ஒன்றுக்கொன்று காப்பாக அணிவகுக்கும் ‘ரெய்டு’ என்னும் முறையை முன்வைத்தது. அதன் எளிய வகையில் இரு தட்டுகள் ஒரே செய்தியைத் தாங்குகின்றன. ஒன்று செத்தால் புதியது பொருத்தப்பட்டு, எஞ்சியதிலிருந்து அனைத்தும் அதற்குப் படியெடுக்கப்படுகின்றன. பத்தாண்டுகளில் இரு தட்டுகளும், பிறகு பெட்டியும்கூட மாறிவிடலாம். படங்கள் மட்டும் இருக்கும். இதைச் சமணத் தத்துவத்தின் கண்டிப்பான கணக்கில் வைத்தால் விந்தையான முடிவு கிட்டுகிறது. புற்கலம், அதாவது சடப்பொருள், திரவியம். அதன்மேல் அமையும் காந்த ஒழுங்கு பரியாயம். ஆகவே நிலைப்பது கழித்தெறியப்பட்ட தட்டின் அலுமினியம், அழியும் கூறு என்று எண்ணப்படுவது குழந்தையின் படம். வீட்டுக்காரர் காக்க விரும்பியதோ இரண்டாவதை. சேமிப்பகத்தைப் பொறுத்தவரை பௌத்தரின் விவரிப்பே பொருத்தமானது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் வரிசைக் கொள்கைக்கு எதிராக எழுப்பப்பட்ட பழைய தடை இங்கும் எழுகிறது. முன்கணம் அழிந்தபின் வந்த பின்கணம் அதை ஒத்ததுதான் என்று அறிவது யார்? முன்பு கண்டதை ‘இது அதுவே’ என்று இனங்காணும் அறிவைத் தருக்க நூலோர் பிரத்தியபிஞ்ஞை என்றனர். இரு தட்டுகள் ஒரே கோப்பை வெவ்வேறாகக் காட்டினால், எது மெய் என்று சொல்லும் ஆற்றல் சாதாரண ரெய்டுக்கு இல்லை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 2005இல் திறந்த மூலமாக வெளியிட்ட ‘இசட்எஃப்எஸ்’ என்னும் கோப்பு முறைமை, ஒவ்வொரு செய்தித் துண்டுக்கும் ஒரு சரிபார்ப்புத் தொகையைக் கணக்கிட்டுத் தனியே பதிந்து வைத்து, படிக்கும்போதெல்லாம் மீண்டும் கணக்கிட்டு ஒப்பிடுவதால், சிதைந்த படியைக் கண்டுபிடித்து நல்ல படியைக் கொண்டு அதைத் திருத்துகிறது. ஆனால் தொகை கணக்கிடப்படும் முன்பே நினைவகத்தில் ஒரு பிட் புரண்டிருந்தால், பிழைக்கே முத்திரை குத்தப்படும். இதைத் தடுப்பது ‘இசிசி’ நினைவகம். ரிச்சர்ட் ஹாமிங் 1950இல் வெளியிட்ட பிழைதிருத்தும் குறியீட்டு முறையின் வழிவந்தது அது. அதை ஏற்கும் செயலியும் தாய்ப்பலகையும் விலையை உயர்த்துவதால், முதல் சேமிப்பகத்துக்கு அது கட்டாயம் என்று வற்புறுத்துவோரின் கூற்று மிகையானது. அதே பணம் இன்னொரு படிக்குச் செலவாகுமானால் பயன் அதிகம்.

வரிசை அறுந்துபோவது பெரும்பாலும் கைமாறும் தருணத்தில். பழுதான தட்டுக்குப் பதில் புதியது நிரப்பப்படும் மணிநேரங்களில், மிஞ்சிய ஒற்றைத் தட்டு முழுவதும் இடைவிடாமல் படிக்கப்பட வேண்டும். வீட்டுத் தரத் தட்டுகள் பலவற்றின் குறிப்பேட்டில், நூறு இலட்சம் கோடி பிட், அதாவது ஏறத்தாழ 12.5 டெராபைட், படிப்பதற்குள் மீட்க முடியாத பிழை ஒன்று வரை நேரலாம் என்றே எழுதப்பட்டிருக்கும். ஒரே ஆலையில் ஒரே தொகுதியாகச் செய்யப்பட்டவை ஒரே காலத்தில் தளர்வதும் உண்டு என்பதால், இரண்டையும் வெவ்வேறு கடைகளில் வாங்குவது அறிவுடைமை. தடங்களைக் கூரை ஓடுகள்போல ஒன்றன்மேல் ஒன்று பாதி படியும்படி எழுதும் ‘எஸ்எம்ஆர்’ வகைத் தட்டுகள் மலிவானவை. ஆனால் ஓரிடத்தை மாற்றி எழுத அடுத்த தடங்களையும் எழுத வேண்டியிருப்பதால், புதுத் தட்டை நிரப்பும் வேலையில் அவை திணறுகின்றன. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் சேமிப்பகங்களுக்கென விற்ற ரெட் வரிசைத் தட்டுகள் சிலவற்றில் இம்முறை சொல்லாமல் புகுத்தப்பட்டிருந்தது 2020இல் வெளிப்பட்டது. தடங்கள் படியாத ‘சிஎம்ஆர்’ வகைதானா என்பதைக் குறிப்பேட்டில் பார்த்து வாங்குவதே, செயலியின் வேகத்தை ஒப்பிட்டுக்கொண்டிருப்பதைவிட முதன்மையானது.

ரெய்டும் காப்புப் படியும் ஒன்றல்ல. தவறுதலாக அழித்த கோப்பு இரு தட்டுகளிலும் அதே நொடியில் அழிகிறது. திருட்டும் தீயும் பெட்டியை முழுதாகவே கொள்கின்றன. மூன்று படிகள், இருவகைச் சாதனங்கள், ஒன்று வேற்றிடத்தில் என்று பீட்டர் குரோக் என்னும் புகைப்படக் கலைஞர் பரப்பிய விதி இதனால் எழுந்தது. சமண, பௌத்த நூல்களின் வரலாறு இவ்விதிக்கு நல்ல உரையாக அமைகிறது. பத்தாம் நூற்றாண்டில் அத்திமப்பே என்னும் கன்னடச் சமணப் பெருமாட்டி, பொன்னரின் சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எடுப்பித்து வழங்கினார் என்பர். சாத்திர தானம் உணவுக்கும் மருந்துக்கும் அடைக்கலத்துக்கும் நிகரான கொடையாக அச்சமயத்தில் எண்ணப்பட்டது. அதே சமயத்தாரிடம் எதிர்மாறான போக்கும் இருந்தது. வீரசேனரின் தவளா என்னும் பேருரை நெடுங்காலம் மூடபித்ரியின் ஓலைகளில் மட்டும், வணங்கப்படும் பொருளாகப் பூட்டப்பட்டுக் கிடந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் படியெடுக்கப்படத் தொடங்கி, ஹீராலால் ஜைனின் பதிப்பாக 1939 முதல் அச்சேறியது. ஓலைக்கட்டு அதுவரை தப்பியது நற்பேறு. அதை முறை என்று கொள்ள முடியாது. இதைவிட வியப்பானது குண்டலகேசியின் கதை. அப்பௌத்த காப்பியம் அழிந்துபோய், அதன் பாடல்கள் சில இன்று கிடைப்பது, அதை மறுக்கவே எழுந்த நீலகேசியின் உரையிலும் புறத்திரட்டு என்னும் தொகைநூலிலும்தான். கணபங்கம் பேசிய தரப்பின் சொற்களுக்கு, அதை எதிர்த்த தரப்பே வேற்றிடப் படியாயிற்று.

எவ்வளவு கொள்திறன் வேண்டும் என்னும் கேள்வியில் மட்டும் சமணம் பௌத்தத்தைவிடத் தெளிவாக வழிகாட்டுகிறது. துறவிக்கு உடைமையே கூடாதென்ற அச்சமயம், இல்லறத்தானுக்கு விதித்த ஐந்தாம் அணுவிரதம் பரிக்கிரக பரிமாணம்: வைத்துக்கொள்ளும் பொருளின் அளவை முன்னரே வரையறுத்து, அதைக் கடவாதிருத்தல். நான்கு தட்டுப் பெட்டியா, இரண்டா என்று தயங்குவோர் பொதுவாக வருங்காலப் பெருக்கத்தை எண்ணிப் பெரியதையே எடுக்கின்றனர். இடம் இருப்பதால் மங்கிய படங்களும் ஒரே காட்சியின் இருபது பதிவுகளும் அங்கே குடியேறுகின்றன. ஓயாமல் 20 வாட் இழுக்கும் சிறு பெட்டியே ஆண்டுக்கு ஏறத்தாழ 175 யூனிட் மின்சாரம் கொள்ளும். தட்டின் விலை ஆண்டுதோறும் குறைகிறதே, வரம்பு எதற்கு என்பது எளிதில் எழும் மறுப்பு. ஒருமுறை வாங்கி முடிப்பதாக இருந்தால் அது சரி. ஆனால் உள்ளே வைத்த ஒவ்வொரு டெராபைட்டும் மாதந்தோறும் சரிபார்க்கப்பட்டு, வேற்றிடத்திலும் படியெடுக்கப்பட்டு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுத் தட்டுக்கு மாற்றப்பட்டாக வேண்டும். இவ்வேலைகளுக்கு ஒரு குடும்பத்தில் பெரும்பாலும் ஒருவரே இருப்பார், அவருக்கும் விடுமுறை நாள் ஒன்றுதான் என்பதைக் கணக்கில் கொண்டால், நான்கு டெராபைட் தட்டு இரண்டும், வெளியூரில் உறவினர் வீட்டில் வைத்து ஆண்டுக்கு இருமுறை புதுப்பிக்கும் வெளித்தட்டு ஒன்றும் பெரும்பாலான வீடுகளுக்குப் போதுமான வரம்பாகும்.