புகுந்தோர் கடனும் ஏற்றோர் கடனும்

பிறந்த நாட்டை விடுத்துப் பிறிதொரு நாட்டிற் புகுந்து வாழ்வோர் அந்நாட்டுக்குச் செய்யக் கடவது யாது? அவரை ஏற்ற நாட்டார் அவர்க்குச் செய்யக் கடவது யாது? இவ்விரு வினாக்களுள் முன்னையதனையே உலகம் பெரும்பாலும் வினாவும். பின்னையதனை வினாவுவார் அரியர். சைவ வித்தியாசாலைகளிற் கற்பிக்கும் நம்மனோர் இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து ஆராய்தல் முறையாம். என்னை? நம்மிலிருந்து புறம்போய் வாழ்ந்தாரும் உளர். நம்பால் வந்து புகுந்தாரும் உளர். முன்னையோரை அளக்குங் கோலினாலே பின்னையோரையும் அளக்கின்றோமா என்பதே கேள்வி.

முதற்கண் மலாயா நாட்டை நோக்குவோம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே யாழ்ப்பாணத்து இளைஞர் பலர், மிஷன் பாடசாலைகளிற் கற்ற ஆங்கிலத்தையே கைம்முதலாகக் கொண்டு அந்நாட்டுக்குக் கப்பலேறினர். அங்கே 1885ஆம் ஆண்டில் முதற் புகையிரதப் பாதை தைப்பிங் நகரிலிருந்து கடற்கரை வரையுந் திறக்கப்பட்டது. பின்னர்ப் பெருகிய புகையிரதப் பகுதியிலும், நில அளவைப் பகுதியிலும், அரசாங்கக் கந்தோர்களிலும் நம்மவர் இலிகிதராயும் நிலைய அதிபராயும் உழைத்தனர். உழைத்த பொருளைத் தமக்கே வைத்துக்கொண்டாரல்லர். கோலாலம்பூரிலே பிரிக்பீல்ட்ஸ் என்னும் பகுதியில் 1902இல் கந்தசுவாமி கோயிலையும், 1904இல் விவேகானந்த ஆச்சிரமத்தையும் நிறுவினர். 1915ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திற் பிறந்து மலாயாவில் வளர்ந்த இராசரத்தினம் அவர்கள், 1965இல் தனிநாடாகிய சிங்கப்பூரின் முதல் வெளிநாட்டமைச்சரானார். அந்நாட்டுப் பிள்ளைகள் பாடசாலைகளில் ஓதும் உறுதிமொழியை 1966இல் வரைந்தவரும் அவரே. இவற்றை நாம் பெருமிதத்தோடு பேசுகின்றோம், பேசத் தக்கனவே.

இனி மற்றொரு பிரயாணத்தை நினைமின். 1820களின் பிற்பகுதி தொடங்கித் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து ஏழை மக்கள் கண்டி நாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தனர். அவர் வந்த வழி மன்னார்க் கரையிலிறங்கிக் காட்டினூடே மாத்தளை நோக்கி நடந்த வழி. பேதியாலும் காய்ச்சலாலும் வழியிலே மாண்டார் பலர். 1869இன் பின்னர் இலைநோயினாற் கோப்பி அழிந்தபோது, அவர் கைகளே தேயிலையை வளர்த்தன. இந்நாடு ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பிறநாடுகளிலிருந்து பெற்ற செல்வத்திற் பெரும்பங்கு அக்கைகளினின்றும் வந்தது. அவரும் கோயில் எடுத்தனர். மாத்தளை முத்துமாரியம்மன் திருத்தேர்களை அறியாதார் யார்? ஆயினும் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் அம்மக்களிற் பல இலக்ஷம் பேர் நாடற்றவராயினர். 1964இல் இரண்டு அரசாங்கங்கள் கூடி, இவருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டன. எஞ்சியோர் வழக்கு முடிதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வேண்டியதாயிற்று. அவருக்குத் தீங்கு நேர்ந்த காலத்தில் தமிழ்ப் பிரதிநிதிகளும் ஒருமுகமாய் நின்றாரல்லர் என்பதை மறைத்தலாற் பயனில்லை.

"மலாயாவுக்குச் சென்றவர் கற்றவர், மலைநாட்டுக்கு வந்தவர் கூலிகள், இருவரும் எங்ஙனம் ஒப்பர்?" என்பார் சிலர். இருவரும் சீவனோபாயந் தேடிச் சென்றவரே. இருவரையும் அழைத்தது ஓர் ஏகாதிபத்தியமே. ஒருவர் கையில் எழுதுகோல் இருந்தது. மற்றவர் முதுகிற் கூடை இருந்தது. தொண்டினது நிறையைக் கருவிகொண்டு அளத்தல் நீதியன்று.

"அவர் நாட்டுக்கு நன்மை செய்தனராதலின் உரிமை பெறத் தக்கவர்" என்பார் வேறு சிலர். இது முன்னையதினும் நல்ல கூற்றே. ஆயினும் முழுதும் நேரிதன்று. நன்மை செய்தபின்னரே உரிமை எனின், பிறந்த குழந்தை என்ன நன்மை செய்தது? நாம் இம்மண்ணிற் பிறத்தற்கு முன் இதற்கு என்ன விலை கொடுத்தோம்? தனு, கரண, புவன, போகங்கள் நான்கும் ஆன்மாவுக்கு இறைவன் அளித்தவை என்பது நம் சித்தாந்தம். புவனம் அருளப்பட்டதாயின், அதனை எம் தேட்டம் என்று வாயிலில் நின்று பிறரைத் தடுப்பது எங்ஙனம் பொருந்தும்? "அவர் துன்பம் அவர் வினை" எனின், வினைப்பயனை ஊட்டுவோன் இறைவன். அவர் துன்பத்துக்குக் கருவியாகும்படி நம்மை ஒரு சாத்திரமும் ஏவவில்லை.

திருமூலநாயனார் சரிதத்தைச் சிந்திப்போம். கயிலையினின்றும் வந்த யோகியார், அகத்திய முனிவரைக் காணப் பொதியமலைக்குச் செல்லும் வழியில், சாத்தனூர் இடையன் மூலன் இறந்துகிடப்ப அவனைச் சூழ்ந்து கதறிய பசுக்களைக் கண்டார். அவற்றின் துயர் தீர்க்க அவனுடலிற் புகுந்தார், அந்நாட்டிலேயே தங்கினார், நமக்குத் திருமந்திரம் கிடைத்தது. வந்தவர் முதலிற் செய்தது திருமந்திரம் அன்று. அயலாருடைய ஆவின் துயரைத் தம் துயராகக் கொண்டதே. புகுந்தோர் கடன் அதுவென்க. பசுக்களோ அவருடைய ஊரையும் குலத்தையும் வினாவாது அவரை ஏற்று மகிழ்ந்தன. ஏற்றோர் கடனை அவ்வாயில்லாச் சீவன்களிடத்தே கற்கலாம்.

இவ்வளவும் எழுதுவது பிறரைக் குறைகூறற்கன்று. யான் வன்னியில் ஒரு பாடசாலையிற் கற்பித்த காலத்து, 1977ஆம் ஆண்டுக் கலகத்தின்பின் மலைநாட்டை விட்டு வந்து காடு வெட்டிக் கழனியாக்கிய குடும்பமொன்றின் பேரன் என் வகுப்பிற் படித்தான். தேவாரத்தைப் பண்ணோடு ஓத வல்லவன். ஒருநாள் காலை, அவன் ஓத எழுந்தபொழுது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் "தோட்டக்காட்டான்" என்றது. வகுப்பு நகைத்தது. யான் கேட்டேன், கேளாதவன்போலக் கரும்பலகையின் பக்கந் திரும்பினேன். அன்று முதல் அப்பிள்ளை வாய்திறந்து ஓதவில்லை. யானோ மிஷன் வித்தியாசாலையிற் கற்றவன். திருநீறு இட்டுச் சென்றதுபற்றி நகைக்கப்பட்டவன். அந்நகையைக் கண்டும் வாளாவிருந்த ஆசிரியரை மனத்துள் நெடுங்காலம் வெறுத்தேன். வன்னியிலே அவ்வாசிரியர் யானே ஆயினேன். இதற்குச் செய்யத்தக்க கழுவாய் இன்னதென இன்றும் அறிந்திலேன். சொல்லாது விடுதல் கழுவாயன்று என்பதை மட்டும் அறிவேன்.

அன்பர்களே! சட்டத்தை மாற்றுதல் நம் கையில் இல்லை. வகுப்பறை நம் கையில் உளது. மலாயாவின் கந்தசுவாமி கோயிலைப் பற்றிக் கற்பிக்கும் நாளிலே மாத்தளை மாரியம்மன் கோயிலைப் பற்றியுங் கற்பிப்போம். இழிசொல் எழுந்தவுடன், பாடத்தை நிறுத்தி, அதனை அப்பொழுதே கண்டிப்போம். தேவாரம் ஓதும் பிள்ளையின் ஊரை வினாவுதற்கு முன் அவன் குரலைக் கேட்போம். கோணமாமலைக் கோயிலையும் கேதீச்சரத்தையும் பாடிய அருளாளர் இம்மண்ணிற் பிறந்தவரல்லர். அவர் பாடலை நாம் அயலார் பாடல் என்று தள்ளினோமில்லை. அப்பாடலை ஓதும் பிள்ளையை அயலான் என்று தள்ளுவது எவ்வாற்றானுந் தகாது. இந்நல்லறிவு நம் எல்லோர்க்கும் உறுதிப்படச் சிவபெருமான் திருவருள் முன்னிற்க.