அட்டையில் மிச்சமிருப்பவர்கள்

2004இல் வெளிவந்த நிக்கொன் டி70 வெறும் 6 மெகாபிக்சல்தான். இன்றைய கைத்தொலைபேசியே அதைவிடக் கூர்மை. ஆனாலும் மொன்றியல் கோடையில், கராஜ் சேல்களில் இப்படியான கமராக்களைத் தேடி அலைகிறவர்களில் நானும் ஒருவன். சிசிடியின் நிறம் தனி அழகு என்பார்கள். அதில் பாதி ஏக்கம். எனக்குப் பிடித்தது, சிறிய மெமரி அட்டை கெதியில் நிறைந்துவிடும், பார்த்துத்தான் அழுத்தவேண்டும் என்பது.

பிரச்சினையும் அந்த அட்டைதான். சிலவேளை அது முந்தைய சொந்தக்காரரின் பிறந்தநாள்களோடேயே வரும். அழித்திருந்தாலும், பெரும்பாலும் பட்டியலில் பெயர்தான் போயிருக்கும். மேலே வேறொன்று பதியும்வரை படம் உள்ளேயே கிடக்கும். மீட்டெடுக்கச் சாதாரண மென்பொருள் போதும். பார்க்கலாமா?

விவியன் மையரின் நெகட்டிவ்கள் 2007இல் சிகாகோவில் ஏலம் போயின. வாங்கியவர்களால்தான் உலகம் அவரை அறிந்தது. அவரிடம் சம்மதம் கேட்கப்படவில்லை. 1856இல் இந்நகருக்கு வந்த வில்லியம் நொட்மனின் ஸ்ரூடியோவில் அமர்ந்தவர்களோ காசு கொடுத்து, தெரிந்தே அமர்ந்தார்கள். அவர்களை மக்கோர்ட் அருங்காட்சியகத்தில் கூச்சமின்றிப் பார்க்கலாம்.

நாங்கள் அல்பங்களை விட்டுவிட்டு ஓடிவந்த சனம். எங்கள் வீட்டுப் படமொன்று அந்நியர் கையில் கிடைத்தால், பார்க்காமலே எரித்துவிடட்டும் என்றா விரும்புவோம்? ஆகவே, உரியவரைக் கண்டுபிடிக்கத் தேவையான அளவு பார்க்கலாம் என்பது என் கட்சி. அழித்ததை மீட்பது வேறு. அது ஒருவர் ஏற்கெனவே சொல்லிவிட்ட 'வேண்டாம்'.

விற்பவர் முன்னால் நின்றால், அட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிடுவேன். போன கோடையில் ஒரு மூதாட்டி அதை வாங்கி, நன்றி சொல்லி, அப்படியே குப்பைப் பைக்குள் போட்டார்.