மருந்துச் சீட்டில் இல்லாத கேள்வி

ஒரு மருந்தாளர் நம்மிடம் சாமியைப் பற்றிப் பேசலாமா? இந்தக் கேள்வியைச் சில வாரங்களாக நண்பர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். “அவருக்கு எதுக்கு அந்த வேலை?” என்பதுதான் பெரும்பாலும் வந்த பதில். மருந்தை எண்ணிக் கொடுக்கணும், சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று சொல்லணும், அவ்வளவுதான். ஒரு தோழி கொஞ்சம் கடுமையாகவே சொன்னாள்: “நான் காய்ச்சலோட நிக்கிறப்ப ஒருத்தர் எனக்காகப் பிரார்த்தனை பண்றேன்னு சொன்னா, நான் வேற கடைக்குப் போயிடுவேன்.”

மலேசியாவில் வளர்ந்த யாருக்கும் அந்தக் கோபம் புரியும். பண்டிகைக்குப் பலகாரம் மாற்றிக்கொள்வோம், ஒரே மேசையில் உட்கார்ந்து தே தாரிக் குடிப்போம், மதத்தை மட்டும் தொடமாட்டோம். தொடாமல் இருப்பதுதான் மரியாதை என்று பழகிவிட்டோம். அதோடு, கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கோட்டு, இந்தப் பக்கம் நோய். அப்படிச் சமமில்லாத இடத்தில் ஒருவர் தன் நம்பிக்கையை எடுத்து நீட்டினால், வேண்டாம் என்று சொல்வதுகூடக் கஷ்டம்.

ஆன்மிக ஆதரவு என்ற சொல் மருத்துவத்தில் பெரிதாகப் பேசப்பட்டது சாகக் கிடப்பவர்களின் படுக்கைக்குப் பக்கத்தில்தான். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், உடம்பு, மனம், குடும்பம், ஆன்மா எல்லாம் சேர்ந்ததுதான் நோயாளியின் முழு வலி என்றார். அந்தப் பெரிய எண்ணத்தை இரத்த அழுத்த மாத்திரை வாங்கும் வரிசைக்கு இழுத்து வருவது முதலில் வேடிக்கையாகத்தான் தெரிகிறது. ஆனால் நாம் இழுத்து வர வேண்டியதில்லை. மதம் ஏற்கெனவே அந்த வரிசையில் நம்பர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

கேப்சூலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உறை பெரும்பாலும் ஜெலட்டின். ஜெலட்டின் பெரும்பாலும் மாடு அல்லது பன்றியின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் வருகிறது. ஹலால் மருந்துகளுக்கென்றே மலேசியாவில் எம்.எஸ். 2424 என்ற தரநிலை 2012இல் வந்தது. நல்ல விஷயம். ஆனால் பன்றியை விலக்கிய ஜெலட்டின் என்றால் பெரும்பாலும் மாட்டு ஜெலட்டின். ஒரு முஸ்லிம் நண்பரின் சந்தேகத்தைத் தீர்க்கும் அதே முத்திரையைப் பார்த்துத்தான், மாட்டிறைச்சி தொடாத ஒரு தமிழ் வீட்டு அம்மாவுக்குச் சந்தேகமே தொடங்குகிறது. அவர் யாரிடம் கேட்பார்? கேட்கமாட்டார். உறையைப் பிரித்து உள்ளே இருப்பதைப் பாலில் கலந்து குடிப்பார். ஒமெப்ரசோல் போன்ற மருந்தில் உள்ளே இருக்கும் சிறு மணிகள் வயிற்று அமிலத்தைத் தாண்டிப் போவதற்காகவே பூச்சு பூசப்பட்டவை. அதை நசுக்கினால் அமிலமே மருந்தைக் கெடுத்துவிடும். மருந்து சாப்பிட்டதாக அவர் நினைத்துக்கொண்டிருப்பார்.

விரதமும் அப்படித்தான். நோன்பு மாதம் வருவதற்கு முன்பே முஸ்லிம் நீரிழிவு நோயாளிகளிடம் மருந்து நேரத்தை மாற்றுவது பற்றிப் பேசுவது இங்கே வழக்கமாகிவிட்டது. சஹூருக்கு எவ்வளவு, நோன்பு திறக்கும்போது எவ்வளவு என்று தெளிவாகச் சொல்வார்கள். என் அத்தை தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருப்பவர், கந்த சஷ்டிக்கு ஆறு நாள். சஷ்டியில் பகல் முழுக்கப் பட்டினி. அவர் எடுக்கும் கிளிக்லசைட் மாத்திரையை வெறும் வயிற்றோடு போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். அத்தைக்கு அது அனுபவத்தில் தெரியும். அதனால் விரத நாட்களில் மாத்திரையை அவரே நிறுத்திவிடுவார். “டாக்டர்கிட்ட சொல்லலியா?” என்று கேட்டேன். “அவங்க கேக்கலியே. சொன்னா திட்டுவாங்க” என்றார்.

நான் பொறியாளன். எங்கள் வேலையில் கிளையண்ட் வாய்விட்டுச் சொல்லாத தேவைதான் கடைசியில் வந்து இடிக்கும். அவர் சொல்லவில்லையே என்று தப்பிக்க முடியாது. நீ கேட்டியா என்பதுதான் முதல் கேள்வியாக வரும். அத்தையின் விஷயத்தில் எல்லாரும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். யாரும் அவர் மதத்தைத் தொடவில்லை. அந்த மரியாதைக்குப் பக்கத்திலேயே அவர் உயிர் கொஞ்சம் ஆபத்தில் இருந்தது.

ஆகவே என் தோழி சொன்னதையும் அத்தை சொன்னதையும் சேர்த்துப் பார்க்கிறேன். மருந்தாளருக்கு என் நம்பிக்கையில் கருத்துச் சொல்லும் உரிமை இல்லை. அது எனக்கு இருக்கிறதா, மருந்தோடு எங்காவது மோதுகிறதா என்று கேட்கும் கடமை இருக்கிறது. அலர்ஜி உண்டா என்று கேட்பதுபோல, அதே குரலில், எல்லாரிடமும்: “நீங்க ஒதுக்குற பொருள் ஏதாவது இருக்கா? விரதம் இருப்பீங்களா?” பெயரையும் நெற்றியையும் பார்த்து ஆள் பிரித்துக் கேட்கக் கூடாது. ஆன்மிக ஆதரவு என்ற பெரிய சொல்லில் மருந்தாளரின் பங்கு இவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதிலும் சிக்கல் இருக்கிறது. எழுபது வயதுப் பாட்டி ஒருவர் எதுவும் தெரியாமல் நிம்மதியாகக் கேப்சூல் விழுங்கிக்கொண்டிருக்கிறார். கேள்வி கேட்டு, பதில் சொல்லி, அவர் நாளையிலிருந்து நிறுத்திவிட்டால்? தெரியாமலே இருந்திருக்கலாமே என்று நண்பன் வாதாடினான். எனக்கு அது உறுத்துகிறது. அவருடைய மனசாட்சியை அவருக்குப் பதிலாக நாம் சுமக்கிறோம் என்பது கருணைபோலத் தெரியும், ஆனால் அவரை யாரும் கேட்கவில்லை. பல நேரங்களில் மாற்று வழியும் உண்டு: அதே மருந்து மாத்திரையாக, சிரப்பாக, தாவர உறையில். மாற்று சுலபமாகக் கிடைக்காத இடமும் உண்டு. இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுகிறது. அங்கே உண்மையையும், எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். “மருந்துதானே ஆண்ட்டி, சாமி ஒன்னும் சொல்லாது” என்று சேர்க்கத் தோன்றும். அன்பில் வரும் வாக்கியம்தான். ஆனால் அதை அக்காவோ குருக்களோ பாட்டியே தனக்குத் தானேயோ சொல்லிக்கொள்ளட்டும். வெள்ளைக் கோட்டிலிருந்து வந்தால் அது மருத்துவ ஆலோசனை மாதிரியே காதில் விழும்.

திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, நான்காவதாக ஒருவர். அந்த நான்காவது ஆளை மருந்தைப் பிழையில்லாமல் செய்பவர் என்று பரிமேலழகர் கொள்கிறார். நோயாளியின் பக்கத்தில் நிற்பவர் என்றும் படிக்கிறார்கள். இரண்டில் எது சரி என்று சண்டை போடத் தேவையில்லை என்று இப்போது நினைக்கிறேன். பக்கத்தில் நின்று கேட்காதவரால் அத்தைக்குப் பிழையில்லாமல் மருந்து கொடுக்க முடியாது.

இப்போது அரசாங்க ஆஸ்பத்திரிகளில் காரை விட்டு இறங்காமலே மருந்து வாங்கலாம். தபாலிலும் வருகிறது. வரிசையில் நின்று கால் வலித்தவர்களுக்கு அது பெரிய உதவி, குறை சொல்ல மாட்டேன். அத்தையும் தபாலுக்கு மாறிவிட்டார். அடுத்த கந்த சஷ்டி ஐப்பசியில் வரும். அதற்குமுன் அவரிடம் யார் கேட்பார்கள் என்று மட்டும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.